“அந்த வீட்டுல கிறுக்கு ஓடுது”: சோளம், ஜீன், ஒரு பஞ்சம்

இந்த எபிசோடு கொஞ்சம் சொந்தக் கதையில தொடங்குது, பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எங்க அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அக்கான்னா பெரியப்பா மகள். பையன் வீடு சாத்தூர் பக்கம். ஜாதகம் பார்த்தாச்சு, பூ வைக்க நாள் குறிச்சாச்சு, கோவில்பட்டியில மண்டபம்கூட விசாரிச்சாச்சு. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். அவர் கால்மணி நேரம் சுத்தி வளைச்சுச் சொன்னதோட சாரம் ஒரே வரிதான்: “அந்த வீட்டுல கிறுக்கு ஓடுதாமே.”

எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வீட்டுல அவர் போட்டோ கிடையாது. 1994-ல் இறந்திருக்கார், நான் பிறக்கிறதுக்கு முன்னாடி. 22 வயசு வரைக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். அதுக்கப்புறம் யாரோ தன்னைப் பத்திச் சுவருக்குள்ள இருந்து பேசுறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கார். இன்னிக்கு அதுக்கு ஸ்கிசோஃப்ரீனியான்னு பேர், தமிழ்ல மனச்சிதைவு. எங்க வீட்டுல அதுக்கு வச்ச பேர் மௌனம்.

நான் சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன். ஏதாவது உடைஞ்சா லாக் எடுத்துப் பாக்குறது பழக்கம். ‘ரத்தத்துல ஓடுது’ன்னு சொல்றாங்களே, அது எவ்வளவு நிஜம், எங்கே இருந்து வந்த பேச்சுன்னு ஆறு மாசம் வாசிச்சேன். இந்த எபிசோடு அதுலேர்ந்து வந்தது. அக்கா சம்மதிச்ச பிறகுதான் பேசுறேன். பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டா.

முதல்ல எண்கள். பொதுவா 100 பேர்ல சுமார் 1 ஆளுக்கு வாழ்நாள்ல மனச்சிதைவு வருது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா அது 10 அளவுக்கு ஏறுது. இது சின்ன ஏற்றமில்ல. பரம்பரைக்குப் பங்கு இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஒரே கருமுட்டையிலேர்ந்து வந்த இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு வர்ற வாய்ப்பு பாதிக்கும் கீழதான். ரெண்டு பேருக்கும் டிஎன்ஏ அச்சு அசல் ஒண்ணு. அப்புறம் மிச்சம் எங்கேர்ந்து வருது? நோய் வந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே அது இருந்ததில்ல.

தாத்தாவோட தம்பின்னா? அக்காவுக்கும் அவருக்கும் பொதுவான டிஎன்ஏ எட்டுல ஒரு பங்கு. அந்தத் தூரத்து உறவுக்கு, நூத்துக்கு சுமார் 2. அந்த 2-க்காகத்தான் மண்டபம் ரத்தாச்சு. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சரி, வரலாறு. தேடும்போது முதல்ல கையில சிக்கினது நம்ம ஊர்க் கதை இல்ல. ஆனா நம்ம ஊர் மாதிரியே ஒரு பருத்திக் கதை.

1900-களின் தொடக்கம். அமெரிக்காவின் தென் மாநிலங்கள்ல பெலாக்ரான்னு ஒரு நோய். வெயில் படுற இடத்துல தோல் கறுத்து உரியும், கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி. வயித்துப்போக்கு நிக்காது. அப்புறம் புத்தி தடுமாறும்: பயம், குழப்பம், இல்லாதது கேக்குறது. பல பேர் மனநோய் விடுதியிலேயே செத்துப் போனாங்க. அதிகம் பாதிக்கப்பட்டவங்க பருத்தி ஆலைக் கிராமத்து ஏழைகள். ஒரே குடும்பத்துல அஞ்சு பேர், ஆறு பேர்னு வந்தது.

சார்லஸ் டேவன்போர்ட்னு ஒரு உயிரியலாளர், ‘நல்ல இனப்பெருக்கம்’ பேசின யூஜெனிக்ஸ் கூட்டத்தோட அமெரிக்கத் தலைமகன். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் வட்டாரத்துல வீடு வீடா வம்சாவளி எடுக்க வச்சு, 1916-ல் அறிக்கை எழுதினார்: பெலாக்ராவுல பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு, சில குடும்பங்களோட உடம்பு வாகே அப்படி. அழகான வம்சாவளிப் படங்கள். தரவு பொய்யில்ல, அந்தக் குடும்பங்கள்ல நோய் நிஜமாவே ஓடுச்சு.

அதே சமயம் ஜோசப் கோல்ட்பர்கர்னு அரசு மருத்துவர் ஒருத்தர் வேற ஒண்ணைக் கவனிச்சார். விடுதி நோயாளிகளுக்கு வருது, அவங்களைக் குளிப்பாட்டித் தொட்டுப் பாக்குற நர்ஸுக்கு வரல. அப்ப இது தொற்று இல்ல. தட்டைப் பார்த்தார். மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. வாசப்படி வரைக்கும் பருத்தி போட்ட ஊர்ல காய்கறிக்கு இடமேது? பாலும் இறைச்சியும் பயறும் கொடுத்துப் பார்த்தார், நோய் நின்னுது. தொற்று இல்லைன்னு நம்பாதவங்களுக்காக 1916-ல் நோயாளிகளோட ரத்தத்தைத் தனக்கு ஊசி போட்டுக்கிட்டார், கழிவை மாவுல உருட்டி முழுங்கினார். மனைவியும் கூட ரத்த ஊசி போட்டுக்கிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவர் தேடின சத்து நியாசின், அதாவது வைட்டமின் பி3, என்பது 1937-ல்தான் தெரிஞ்சது. அதைப் பார்க்க அவர் உயிரோட இல்ல.

டேவன்போர்ட் எங்க வழுக்கினார்? ஒரே ரத்தம் உள்ளவங்க ஒரே சட்டியில சாப்பிடுறவங்களாவும் இருப்பாங்க. வம்சாவளிப் படத்துல ரத்தம் மட்டும் தெரியும், சட்டி தெரியாது.

இப்ப நம்ம மண்ணுக்கு வருவோம்.

தக்காணத்துக் கரிசல் மகாராஷ்டிரா, தெலங்கானா வழியா இறங்கி, திட்டுத் திட்டா எங்க ஊர் வரைக்கும் வருது. மழையை நம்பின மண். பருத்தி, கம்பு, குதிரைவாலி, வெள்ளைச்சோளம். கோவில்பட்டியில 1901-ல் தொடங்கின வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நூறு வருஷத்துக்கு மேலா இந்தப் பயிர்களோடதான் மல்லுக்கட்டுது.

பெலாக்ரான்னா மக்காச்சோள நோய்னு உலகம் முடிவு கட்டியிருந்த காலம். ஆனா தெலங்கானாப் பக்கம் மக்காச்சோளமே சாப்பிடாத ஏழைகளுக்கு வந்துச்சு. அவங்க முக்கிய உணவு வெள்ளைச்சோளம். இதைத் துரத்தினவர் சேலத்துல பிறந்த சி. கோபாலன். குன்னூர்ல இருந்து ஹைதராபாத்துக்கு மாறின ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர். 1960-ல் அவரும் ஸ்ரீகாந்தியாவும் லான்செட் இதழ்ல ஒரு விளக்கம் கொடுத்தாங்க: சோளத்துல லியூசின்னு ஒரு அமினோ அமிலம் ரொம்ப அதிகம், அது உடம்புல நியாசின் உருவாகிப் பயன்படுற வழியைக் கெடுக்குது. இந்தக் கருத்து பின்னாடி கேள்விக்கும் உள்ளாச்சு. ஆனா ஒண்ணு நின்னுது. சோளம் குற்றவாளி இல்ல, சோளம் *மட்டும்* சாப்பிட வேண்டி வர்றதுதான் குற்றவாளி. எங்க பக்கம் கம்புலயும் சோளத்துலயும் பாசியும் உளுந்தும் தட்டாம்பயறும் ஊடுபயிரா விதைக்கிறது வழக்கம். பயறு தட்டுல விழுந்தா கதை மாறிடும்.

இதுவரைக்கும் கதை ‘ரத்தமில்ல, சட்டிதான்’னு போகுது இல்லையா? நானும் சந்தோஷமா அப்படியே எபிசோடு எழுதிட்டேன். அப்புறம்தான் 2019 ஆய்வு கண்ணுல பட்டுச்சு, முக்கால்வாசி அழிச்சுட்டு மறுபடி எழுதினேன்.

சென்னையில ஸ்கார்ஃப்னு ஒரு நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கினது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல வருஷம் நடத்தினவங்க, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்றாங்க. அவங்களுக்குப் பின்னாடி டாக்டர் தாரா. இவங்களும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து பிரையன் மவ்ரி குழுவும் சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்கள்ல மனச்சிதைவின் மரபணுவைத் தேடினாங்க. ஏன் இங்கே? காரணம் நம்ம கல்யாண வழக்கம். சாதிக்குள்ளயே, பல சமயம் மாமன் மகள் அத்தை மகன்னு நூற்றாண்டுகளா கட்டிக்கொடுத்ததால டிஎன்ஏவுல வேறுபாடு குறைவு, தேடுறது சுலபம். எந்த வழக்கம் அக்கா சம்பந்தத்தை உடைச்சுதோ அதே வழக்கம்தான் விஞ்ஞானிக்கு வசதி.

2009-ல் முதல் சுற்று, குரோமோசோம் 1-ல் ஒரு இடத்தைக் காட்டுச்சு. 2019-ல் பெரிய ஆய்வு ஜாமா சைக்கியாட்ரி இதழ்ல வந்துச்சு. சதீஷ் பெரியசாமி முதல் ஆசிரியர். 3,000-க்கு மேற்பட்டவங்க, அதுல 1,321 பேர் நோய் உள்ளவங்க. இந்தத் தடவை தேடல் போய் நின்ன இடம் குரோமோசோம் 8, என்ஏபிஆர்டி1 என்கிற ஜீன். அந்த ஜீன் என்ன வேலை செய்யுது தெரியுமா? நியாசினை உடம்பு பயன்படுத்துற வடிவத்துக்கு மாத்துற நொதியைச் செய்யுது.

அதே நியாசின். நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

வரிக்குதிரை மீன்ல அந்த ஜீனை நிறுத்திப் பார்த்தாங்க, மூளை சரியா வளரல. ஆக ரத்தமா சட்டியான்னு நான் கட்டின பட்டிமன்றமே தப்பு. சட்டியில விழுறதை எடுத்துக்கிற கரண்டி ரத்தத்துல இருக்கு. ஒருத்தருக்குப் போதுமான அளவு இன்னொருத்தருக்குப் பத்தாம போகலாம்.

‘அப்ப ஜீன் கிடைச்சாச்சு’ன்னு கிளம்பிடாதீங்க. 2022-ல் உலகளவில் 76,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை வச்சு நடந்த ஆய்வு 287 இடங்களைக் காட்டுது. ஒவ்வொண்ணும் வாய்ப்பைத் துளித் துளியாத்தான் கூட்டும். அதுல பல துளிகள் உங்ககிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு, அந்தத் தரகர்கிட்டயும் இருக்கு.

இன்னொரு எச்சரிக்கை, எங்க ஊர்க்காரங்களுக்குப் பிரத்யேகமா. நிலக்கடலையில நியாசின் ஏராளம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. உடனே ‘மனநோய்க்குக் கடலைமிட்டாய்’னு வாட்ஸ்அப்ல போடாதீங்க. கனடாவுல ஆப்ரம் ஹாஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் 1950-களிலேயே மனச்சிதைவுக்கு நியாசினை அள்ளி அள்ளிக் கொடுத்துப் பார்த்தாங்க, ஜெயிச்சோம்னும் சொன்னாங்க. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துக் குழு எல்லாத்தையும் ஆராய்ஞ்சு, பலன் நிரூபணமாகலைன்னு முடிச்சுருச்சு. பெலாக்ராவை நியாசின் குணமாக்கும், மனச்சிதைவை அல்ல. மருந்தை நிறுத்திட்டு மிட்டாய் வாங்கினா கடைக்காரருக்குத்தான் லாபம்.

கரண்டி பிறவியிலேயே அமையுதுன்னா, சட்டி எப்பலேர்ந்து முக்கியம்? பிறந்த பிறகா? இதுக்குப் பதில் ஒரு பஞ்சத்துல இருக்கு.

நெதர்லாந்து, 1944 நவம்பர்லேர்ந்து 1945 மே வரை. ஜெர்மன் படை உணவு வழியை அடைச்சுட்டுது. மேற்கு நகரங்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழ, பிறகு அதுலயும் பாதி. டச்சுக்காரங்க அப்பவும் பதிவேட்டை விடல. ரேஷன் அளவு, பிறப்புத் தேதி, பிற்பாடு மனநல மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் தாள்ல இருக்கு. 1990-களில் எஸ்ரா சஸ்ஸரும் மற்றவங்களும் கணக்குப் போட்டாங்க. பசி உச்சத்துல இருந்தப்போ கருவானவங்களுக்கு மனச்சிதைவு சுமார் ரெண்டு மடங்கு. சீனாவின் வூஹூ பகுதியிலயும் இதே கதை. 1959-ல் பிறந்தவங்கள்ல 0.84 சதவீதம், பெரும் பஞ்சத்துக்கு நடுவுல 1960-ல் பிறந்தவங்கள்ல 2.15 சதவீதம்.

எப்படி? இங்கேதான் எபிஜெனெடிக்ஸ். டிஎன்ஏ எழுத்து மாறாது, அதுமேல மீத்தைல்னு ஒரு சின்ன வேதிக் குறி ஒட்டும், அல்லது ஒட்டாம போகும். அதைப் பொறுத்து ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்யும்னு மாறும். எங்க பாஷையில, கோட் அதேதான், சில வரிகளை யாரோ கமென்ட் போட்டு வச்சிருக்காங்க. 2008-ல் பாஸ் ஹைமன்ஸ் குழு அந்த டச்சுப் பஞ்சத்துல கருவானவங்களோட ரத்தத்தை, பஞ்சத்துல சிக்காத அவங்க சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியோட ஒப்பிட்டுச்சு. வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்2 ஜீன் மேல மீத்தைல் குறி குறைவு. அறுபது வருஷம் கழிச்சும்!

இது ரத்தத்துல பார்த்தது, மூளையில இல்ல. இந்தக் குறிதான் நோயைக் கொண்டு வருதுன்னு அந்த ஆய்வு சொல்லவும் இல்ல. ‘தாத்தா பட்ட பசி உன் டிஎன்ஏவுல எழுதியிருக்கு’ன்னு வர்ற ரீல்ஸையும் அப்படியே நம்பாதீங்க. கரு உருவாகும்போது இந்தக் குறிகள்ல பெரும்பகுதி அழிஞ்சு புதுசா எழுதப்படுது. பேரன் பேத்தி வரைக்கும் தாண்டி வருதுன்னு மனுஷங்கள்ல காட்ட ஆதாரம் ரொம்ப மெலிசு. தாயோட வயித்துல பட்டது வேற, வம்சத்துல ஒட்டினது வேற.

நமக்குப் பஞ்சம் புதுசா? 1876–78, தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையும் அதுல சிக்குச்சு, பிழைக்க வழியில்லாதவங்க கூட்டம் கூட்டமா இலங்கைக் காபித் தோட்டத்துக்குப் போனாங்க. தென்னிந்தியாவுல செத்தவங்க 50 லட்சத்துக்கு மேல. அந்த நேரத்துல வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யுற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு போதும்னு 1877-ல் வெட்டினார். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். அதை வச்சுக்கிட்டு கல் உடைக்கணும். மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது மனுஷன் உடம்புக்குக் காணாதுன்னு சண்டை போட்டார். சில மாசம் கழிச்சுக் கூலி உயர்ந்துச்சு. அந்த வரிசையில மாசமான பொம்பளைங்களும் நின்னிருப்பாங்க.

இப்ப அந்த எண். பசியில கருவானா நூத்துக்கு 1 என்பது 2 ஆகுது. தாத்தாவோட தம்பிக்கு நோய் இருந்தா? அதுவும் 2. ஏறக்குறைய ஒரே அளவு ஏற்றம்.

ஆனா பொண்ணு பாக்க வர்ற வீட்டுல, “உங்க வீட்டுல யாருக்காவது புத்தி சரியில்லாம இருந்துச்சா”ன்னு விசாரிக்கிறவங்க ஆயிரம் பேர். “பொண்ணை வயித்துல வச்சிருந்தப்போ அவங்க அம்மா வயிறாரச் சாப்பிட்டாங்களா”ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல. முதல் கேள்வியை வச்சு யாரையும் காப்பாத்த முடியாது. ரெண்டாவதை வச்சு முடியும். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவ 1987-ல் தமிழ்நாட்டுல வந்த முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தை மனநோய்த் தடுப்புன்னு யாரும் எண்றதில்ல. நான் இப்ப எண்ணுறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஆச்சிகிட்ட உக்காந்தேன். எண்பதை நெருங்குது. ரெக்கார்டரைப் போடட்டுமான்னு கேட்டேன், “போட்டுக்கோய்யா, செத்தவன் என்ன கோவிச்சுக்கவா போறான்”னு சொல்லிட்டாங்க.

சின்னத் தாத்தா பிறந்தது 1951 வாக்குல. வரிசையா மழை பொய்ச்ச வருஷங்கள், ரேஷன் காலம். “எங்க அத்தை சொல்லுவாக. இவன வயித்துல வச்சிருக்கையில புளியங்கொட்டைய வறுத்து இடிச்சுத் தின்னாகளாம். கொழுந்தனப் பாக்கும்போதெல்லாம் அதையே சொல்லி அழுவாக.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா ஆச்சிகிட்ட ‘அதுதான் காரணம்’னு சொல்லல. சொல்லவும் கூடாது. ஆயிரக்கணக்கான பேரை வச்சுப் போட்ட கணக்கு ஒரு தனி ஆளோட கதையைத் தீர்த்து வைக்காது. அதே வருஷம் அதே ஊர்ல புளியங்கொட்டை தின்ன அம்மாக்களோட பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருந்தாங்க. அவரோட 287 துளி எப்படி விழுந்துச்சோ.

1981-ல், அவருக்கு முப்பது வயசு இருக்கும்போது, சென்னையில புதுசா நோய் வந்த 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கிற ஆய்வு ஒண்ணு ஆரம்பிச்சுச்சு. தாராவும் அதுல உண்டு. பத்து வருஷத்துக்கு அப்புறம் பார்த்தா விடாம நோயிலயே இருந்தவங்க ரொம்பச் சில பேர். மருந்து இருந்துச்சு. எங்க வீட்டுக்கும் அந்த மருந்துக்கும் நடுவுல ஒரு ராத்திரி ரயில் தூரம். போகல. பின்கட்டுல தொழுவத்தை ஒட்டின அறையில வச்சிருந்தாங்க.

“சங்கிலி போட்டீங்களா ஆச்சி?”

கொஞ்ச நேரம் பேசல. “சங்கிலி இல்லய்யா. சேலைய முறுக்கிக் கட்டுனோம், ரெண்டு தடவ. உங்க தாத்தா ரெண்டு நாளு சோறு திங்கல.” அப்புறம் அவங்களாவே ஏர்வாடியைப் பத்திப் பேசினாங்க. 2001 ஆகஸ்ட் 6, அங்கே ஒரு தனியார் விடுதிக் கொட்டகையில தீ பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் செத்தாங்க. டிவியில அதைப் பார்த்த அன்னிக்கு ஆச்சி பின்கட்டு அறையைத் திறந்து கூட்டிப் பெருக்கி, விளக்கு வச்சிருக்காங்க. அவர் போய் ஏழு வருஷம் ஆயிருந்துச்சு.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலி போடக் கூடாது. உங்க வீட்டுல யாருக்காவது உதவி வேணும்னா 14416, டெலி-மானஸ், அரசு இலவச எண், தமிழ்லயும் பேசலாம்.

அந்த ரெக்கார்டிங்கை அக்காவுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு அவ கேட்ட ஒரே கேள்வி, “அவர் பேர் என்னடா?” சொன்னேன். அடுத்த மாசம் விருதுநகர்லேர்ந்து ஒரு வீட்டார் வர்றாங்க. சின்னத் தாத்தா விஷயத்தைக் காபி வர்றதுக்கு முன்னாடி தானே சொல்லிடப் போறாளாம். பெரியப்பா இன்னும் சம்மதிக்கல.